இரண்டு நாள் கஞ்சி

குற்றாலம் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் சிவனணைந்தபெருமாளுக்குச் சர்க்கரை இருப்பது 2021 ஆகஸ்டில், அவரது ஐம்பத்திரண்டாவது வயதில் தெரிந்தது. அன்றிலிருந்து மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய் தென்காசி டாக்டரிடம் போவார். ஒருமுறையும் தவறியதில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஞாயிறும் திங்களும் கஞ்சித்தண்ணீர் மட்டும் குடித்து, மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுக்கொள்வார். மற்ற நாட்களில் பரோட்டாதான். மாத்திரை நினைவு வந்தால் உண்டு.

"சுகர் நூத்திப் பதினெட்டு! அண்ணாச்சியப் பாத்துப் படிங்க" என்று வரிசையில் இருப்பவர்களிடம் சொல்வார் நர்ஸ் நூர்நிஷா.

"அருவித் தண்ணியில மருந்து கெடக்கு போல. எனக்கும் ரெண்டு கொடம் கொண்டாரும்வே" என்பார் யாராவது.

அதற்குமுன் எதற்காகவும் அவரை யாரும் மெச்சியதில்லை.

2025 ஜூன் 23, திங்கள். வலதுகால் பெருவிரலில் பாறைச் சில்லு ஏறியது. வலிக்கவில்லை. எண்ணெய் தேய்க்க உட்கார்ந்திருந்தவர்தான் ரத்தத்தைக் காட்டினார். மறுநாள் தென்காசியில் டாக்டர், மாதாமாதம் அவரது சர்க்கரை அளவைக் குறித்துவந்த நோட்டைப் புரட்டினார். "சுகர் கட்டுக்குள்ளதான இருக்கு. ஆறிரும். ஈரம் மட்டும் படக்கூடாது." சீசன் நேரம். காலில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஜூலை 6 அன்று விரல் கறுத்திருந்தது.

"உள்ளதச் சொல்லிருங்க. அந்த நோட்டப் பாத்துல்லா அவரு மருந்து எழுதுதாரு" என்று அழுதாள் மனைவி ரெங்கம்மாள்.

"நாலு வருசமா ஏமாத்துனேன்னு எந்த மூஞ்சிய வச்சிச் சொல்ல?"

அந்த முறையும் கஞ்சிதான். எட்டாம் தேதி 121. டாக்டர் களிம்பை மட்டும் மாற்றினார்.

பதினான்காம் தேதி காலை, புண்ணின் நாற்றம் தாங்காமல் ரெங்கம்மாள் ஆட்டோவைக் கூப்பிட்டாள். டாக்டர் கட்டைப் பிரித்ததும் சிவனணைந்தபெருமாள் சொல்லத் தொடங்கினார். கஞ்சி, இரட்டை மாத்திரை, பரோட்டா, இரண்டு வருடமாகக் காலில் உணர்ச்சியில்லாதது என ஒவ்வொன்றாக. நூர்நிஷா தலை குனிந்துகொண்டார். மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையில், ஏழுக்குள் இருக்க வேண்டியது 11.8 வந்தது.

டாக்டர் திட்டவில்லை. அறுவை சிகிச்சைக்காகத் திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார்.

"சார், வெரலு மட்டுந்தான போவும்? நின்னாத்தான் எனக்குப் பொழப்பு."

"வெரலு போயிரும். காலு..." டாக்டர் பேனாவை மூடினார். "பாப்போம்."

நாலு வருடமாக 'நல்லாருக்கு' என்று மட்டுமே சொன்ன டாக்டரின் வாய் அது. சிவனணைந்தபெருமாள் கடிதத்தை வாங்கக் கை நீட்டவில்லை.