மேட்டில் ஏறாத டிராக்டர்

சிக்கந்தர் அண்ணன் கெலுகோர் மைதானத்தில் டிராக்டர் ஓட்டிப் புல் வெட்டுபவர். அந்த டிராக்டர் சீட்டில் உட்கார்ந்தே மூத்த பிள்ளைகள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். கடைசி மகள் நஸீஹா இன்னும் படிக்கிறாள். வண்டிக்குச் சக்தியில்லை, மேட்டில் ஏறவில்லை என்று மறுபடியும் என்னைப் பிறை ஊர்ப் பட்டறையிலிருந்து வரவழைத்திருந்தார். எனக்கு எரிச்சல். கியர் இல்லாத வண்டி அது. பம்ப்பு தரும் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும். பெடலை அமுக்கும் அளவுக்குத்தான் போகும். எண்ணெயும் ஃபில்டரும் போன தடவையே மாற்றியாயிற்று. நானே ஓட்டிப் பார்த்தேன். சரசரவென்று ஏறியது.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நீங்க ஓட்டுங்க, பாப்போம்."

அவர் ஓட்டினார். வண்டி நத்தையாய் ஊர்ந்தது. நான் பக்கத்திலேயே நடந்தேன்.

"நல்லா அமுக்குங்கண்ணே!"

"முழுசாத்தான் அமுக்குறேன்லா!"

குனிந்து பார்த்தேன். பெடல் பாதிகூட இறங்கவில்லை. அதன்மேல் இருந்தது வெறுங்கால்.

"அண்ணே, சிலிப்பர் எங்க?"

அவரும் அப்போதுதான் குனிந்தார். செருப்பு மேட்டடியில், ஈரப்புல்லில் கிடந்தது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. இனிப்பு நீர் வியாதியில் கால் மரத்துப்போயிருந்தது.

இறங்கிப்போய்ச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சூப்பர்வைசர்கிட்ட பம்ப்பு போச்சுன்னு சொல்லிரு தம்பி," என்றார்.