விற்றதற்கு வட்டியா?

போன புதன்கிழமை பதுளை பஜாரில் ஓர் அடகுக்கடையில் என்னைப் பார்த்ததாகச் சிலர் சொல்லித் திரிகிறார்கள். உண்மைதான், நானேதான்! சனிக்கிழமை சொந்தத்தில் ஒரு கல்யாணம். 'பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன்' என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்த வளையல்களை மீட்டாக வேண்டும்.

எனக்கு முன்னால் மேரியம்மா நின்றிருந்தார். கொஸ்லந்தப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுப்பவர். அடகு வைத்த சங்கிலியை மீட்க வந்திருந்தார். அவருக்கும் சனிக்கிழமைதான் — மகளுக்குச் சர்ச்சில் கல்யாணம்.

"சம்பந்தி முன்னால வெறுங்கழுத்தோட நிக்க முடியுமா, சொல்லுங்க?" என்றார் என்னிடம்.

முதல், மிச்ச வட்டி, திரும்பிப் போக பஸ் காசு... எல்லாம் சரியாக எண்ணி முந்தானையில் முடிந்து வந்திருந்தார். ஆனால் பில்லில் புதிதாக ஒரு தொகை முளைத்திருந்தது. வற் வரியாம், சாமான் விற்றால் போடுகிற வரி!

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் கணக்காளரின் கைங்கரியம். டை கட்டிய மனிதர்.

"அன்னைக்கி நீங்க சங்கிலி குடுத்தீங்க, நாங்க காசு குடுத்தோம். இன்னைக்கி நீங்க காசு குடுக்குறீங்க, நாங்க சங்கிலி குடுக்குறோம். அப்ப இது வியாபாரம். வியாபாரம்னா வரி உண்டு" என்றார்.

மேரியம்மாவின் முகம் வாடிவிட்டது. வரியைக் கட்டினால் பஸ்ஸுக்குக் காசில்லை. கட்டாவிட்டால் சங்கிலியே இல்லை. எனக்கா, கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை — என் வளையல்கள் இன்னும் உள்ளேதானே இருக்கின்றன!

மேரியம்மா கல்லாவில் இருந்த முதலாளி பக்கம் திரும்பினார்.

"ஏங்க மொதலாளி, அப்ப நான் இத ஒங்களுக்கு வித்துட்டேனா?"

"கணக்குப்படி அப்படித்தான்" என்றார் கணக்காளர் முந்திக்கொண்டு.

"சரிங்க. வித்த சாமானுக்கு எதுக்குங்க மாசாமாசம் எங்கிட்ட வட்டி வாங்குனீங்க? மாட்ட வித்தவன் புல்லுக்குக் காசு குடுப்பானா? மொதல்ல அந்த வட்டியத் திருப்பிக் குடுங்க. பொறவு ஒங்க வரியக் கட்டுறேன்."

அவ்வளவுதான்! வரிசையில் நின்ற எல்லோரும் தத்தம் அடகுச் சீட்டை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். நானும்தான். அந்த மலைக் குளிரிலும் முதலாளிக்கு வேர்த்தது. வரி போனால் போகட்டும், வட்டி போகலாமா? அவரே பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்தார். வற் வரி போயே போய்விட்டது.

நியாயம்தானே? மீட்க ஆளில்லாமல் ஏலத்தில் போனால் அது விற்பனை, வரி போடட்டும். மீட்பதற்கென்றே வைப்பது எப்படி விற்பனையாகும்? ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆளை வீட்டுக்குக் கூட்டிவரும்போது, விலைக்கு வாங்கி வருகிறோம் என்றா சொல்கிறோம்?

சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசல்வரை போன மேரியம்மா திரும்பிப் பார்த்தார்.

"மொதலாளி, திங்கக்கெழம கடை தொறப்பீங்கள்ல?"

"ஏன்?"

"கல்யாணந்தான் முடிஞ்சிருமே. நம்ம லயத்து வீட்டுல பூட்டுச் சரியில்லீங்க. இங்கன்னா பத்திரம்."

கடையே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை எனக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது... வளையலுக்கு இன்னொரு தடவை பாலிஷ் போட வேண்டும்!