குரு நின்ன வியாழக்கிழமை

கல்யாணம் பேச வந்த மனுஷனை மொட்டை மாடிக்கு ஏத்தி, குருவைக் காட்டறேன்னு சொல்லி, வெறும் இருட்டைக் காட்டி அனுப்பின வீடு காஞ்சிபுரத்துலயே ஒண்ணுதான். அது எங்க வீடு.

எங்க வீட்டுக்காரரு அப்ப ரேடியோ, ஃபேன் ரிப்பேர் கடை வெச்சிருந்தாரு. தெரு முழுக்க தறிச் சத்தம். அதுக்கு நடுவுல பொறந்துட்டு, ஒரு முழம் கூட நெய்யாத ஆம்பளை அவரு ஒருத்தருதான். நான் ராட்டையில பட்டு சுத்துவேன், அவரு சைக்கிள்ல ஊரைச் சுத்துவாரு. மெட்ராஸ்ல பழைய சாமான் கடையில ஏதோ கண்ணாடி கிடைச்சுதுன்னு வாங்கியாந்து, நீளமா ஒரு தகரக் குழாயில பொருத்தி, டெலஸ்கோப்பு செஞ்சுட்டாரு. தள்ளி நின்னு பாத்தா மழைத்தண்ணி எறங்கற குழாய் மாதிரியே இருக்கும். நான் குழாய்ன்னுதான் சொல்லுவேன். அவருக்குக் கோவம் பொத்துக்கினு வரும். அதுக்காகவே சொல்லுவேன்.

சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் காட்டும். மொதல்ல நிலாவைக் காட்டினாரு. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. பொண்ணுங்களை நிலா மாதிரி இருக்கான்னு சொல்றவன் எவனும் கிட்டக்கப் போய் பாக்கலன்னு அன்னிக்குத் தெரிஞ்சுது.

ஆனா அதுல ஒரு தொல்லை. பெருசாக் காட்டற கண்ணாடியைப் போட்டா, மேல இருக்கறது ஒரு இடத்துல நிக்காது. மெல்ல நகர்ந்துக்கினே போய் ரெண்டு நிமிஷத்துல ஓரத்தைத் தாண்டிடும். கேட்டா, "அது ஓடல மே, நாமதான் சுத்தறோம், பூமி சுத்துது"ம்பாரு. யாரு சுத்தினா இன்னா, குழாயைக் கையால தள்ளிக்கினே இருக்கணும். எனக்கு கண்ணு சுறுக்கு, சட்டுனு பாத்துடுவேன். எல்லாருக்கும் அப்பிடி வருமா?

எங்க நாத்தனாருக்கு அப்ப செவிலிமேட்டுல ஒரு எடம் வந்துச்சு. மாமனாரு காலமாயிட்டாரு, அதனால தங்கச்சியைக் கட்டிக் குடுக்கற பொறுப்பு எங்க வீட்டுக்காரரோடது. பையன் பட்டு நெய்யறவன், கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லை. நாத்தனாரு அவனைக் கோயில்ல தூரத்துல ஒரு தடவை பாத்துட்டா. அன்னிலேர்ந்து சாம்பார்ல உப்பு ரெண்டு தடவை போடறதும், போடாமலே வுடறதுமா இருந்தா. நான் ஒண்ணும் கேக்கல. "இன்னிக்கு உப்பு செவிலிமேட்டுக்குப் போயிடுச்சா?"ன்னு மட்டும் கேப்பேன். "போங்கண்ணி"ன்னு மூஞ்சைத் திருப்பிக்குவா.

ஜாதகம் பொருந்திடுச்சு. மாப்பிள்ளையோட அப்பா பேசி முடிக்க வந்தாரு. பெரிய மனுஷன், முட்டிவலிக்காரரு, ஒவ்வொண்ணுத்தையும் நிதானமாத்தான் செய்வாரு. காப்பி குடிச்சுக்கினே, "பையனுக்கு இப்பத்தான் குரு பலன் வந்திருக்குது. குரு பாத்துட்டாரு, இனிமே தள்ளிப் போடறதுக்கில்லை"ன்னாரு.

எங்க வீட்டுக்காரரு சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்குதே.

"அவரு பாக்கறது இருக்கட்டும் மாமா, நீங்க அவரைப் பாக்கறீங்களா? மாடியில டெலஸ்கோப்பு இருக்குது. குருவும், அவரைச் சுத்தி நாலு நிலாவும் பளிச்சுனு தெரியும்."

மனுஷன் முகம் சூடம் கொளுத்தின மாதிரி ஆயிடுச்சு. செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, கோயிலுக்குப் போற மாதிரி மாடி ஏறினாரு. அப்பத்தான் இருட்டிக்கினு வர்ற நேரம். எங்க வீட்டுக்காரரு குழாயைத் திருப்பி, நடுவுல பிடிச்சு, "வாங்க மாமா"ன்னாரு. மாமா மொதல்ல கண்ணை மூடிக் கும்பிட்டாரு. அப்புறம் ஸ்டூலு மேல ஒரு முட்டியை மடக்கினாரு. அப்புறம் இன்னொண்ணு. மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சு ஜோபியில வெச்சாரு. கண்ணை வெச்சாரு.

"இருட்டா இருக்குதே தம்பி."

எங்க வீட்டுக்காரரு மறுபடி நடுவுல பிடிச்சாரு. மறுபடி கும்பிடு, முட்டி, மூக்குக் கண்ணாடி. மறுபடி இருட்டு. நாலு தடவை ஆச்சு. அஞ்சாவதுக்கு மாமா எழுந்துட்டாரு. திட்டியிருந்தா கூடத் தாங்கியிருப்போம்.

"உங்க கண்ணுக்குத் தெரியறாரு. நான் கண்ணு வெச்சா போயிடறாரு. இந்தச் சம்மந்தம் வேணாம்னு குருவே சொல்றாரும்மா"ன்னு கூட ஏறி வந்த எங்க மாமியார்கிட்ட மெல்லமா சொன்னாரு.

"பூமி சுத்துது மாமா, அதனாலதான்..."ன்னு எங்க வீட்டுக்காரரு ஆரம்பிச்சாரு.

"இன்னிக்கு மட்டுமா சுத்துது?"ன்னு கேட்டுட்டு அவரு எறங்கிட்டாரு.

அன்னிக்கு ராத்திரி யாரும் சாப்பிடல. நாத்தனாரு அழுவல, அதான் எனக்குப் பயமா இருந்துச்சு. சோத்துல தண்ணி ஊத்தி மூடி வெச்சுட்டு, சுவத்தைப் பாத்துக்கினு படுத்துட்டா. எங்க வீட்டுக்காரரு மறுநாளே செவிலிமேட்டுக்குப் போய் நின்னாரு. அந்த மனுஷனும் கெட்டவரு இல்லை. "குருவுக்கு உண்டான வியாழக்கிழமையில ஒரு தடவை வந்து பாக்கறேன். அவரு நின்னா பேசலாம். நிக்கலன்னா வுட்டுடு தம்பி, மனசுல சங்கடம் வெச்சுக்கினு பொண்ணு எடுக்கக் கூடாது"ன்னு சொல்லி அனுப்பினாரு. அடுத்த வாரத்து வியாழக்கிழமைக்கு எட்டு நாள் இருந்துச்சு.

அந்த எட்டு நாளும் கடை தொறக்கல. குழாயைத் தானா நகர்த்தற மாதிரி மோட்டார் வெக்கறேன்னு மாடியிலயே குடியிருந்தாரு. ரிப்பேருக்கு வந்து எவனோ திரும்ப வாங்காத ரெக்கார்டு பிளேயரைப் பிரிச்சு மோட்டாரை எடுத்தாரு. கடைசல் பட்டறையில பல் சக்கரம் ஒண்ணு வெட்டி வாங்கியாந்தாரு. மோட்டார் ஒரு சின்ன சக்கரத்தைச் சுத்தும், அது ஒரு திருகாணியைச் சுத்தும், திருகாணி பல் சக்கரத்தைத் தள்ளும், பல் சக்கரம் குழாயைத் தள்ளும். பூமி எவ்ளோ சுத்துதோ அவ்ளோ தள்ளுமாம். குழாய் நகர்றது கண்ணுக்கே தெரியாது. "மோட்டார் இந்த ஓட்டம் ஓடுது, குழாய் தூங்குதே"ன்னேன். "அதுதான் மே கணக்கு"ன்னாரு.

மோட்டாருக்கும் சின்ன சக்கரத்துக்கும் நடுவுல சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டாரு, வழுக்கிக்கினே இருந்துச்சு. நான்தான் ராட்டைக்குப் போடற முறுக்குக் கயித்தை எடுத்துக் குடுத்தேன். கச்சிதமா புடிச்சுக்கிச்சு. புதன்கிழமை சாயங்காலம் குருவைப் பிடிச்சு வுட்டாரு. நாங்க மூணு பேரும் மாத்தி மாத்திப் பாத்தோம். கீழ போய் பால் காய்ச்சிட்டு வந்து பாத்தேன், நடுவுலயே உக்காந்துக்கினு இருந்தாரு. நாத்தனாரு எட்டு நாள் கழிச்சு அன்னிக்குத்தான் பல்லைக் காட்டினா.

வியாழக்கிழமை பொழுது சாய்ற நேரம். மோட்டார் கொஞ்ச நேரம் ஓடி சூடாவட்டும்னு போட்டு வுட்டுட்டு, எங்க வீட்டுக்காரரு பஸ் ஸ்டாண்டுக்கு மாப்பிள்ளையோட அப்பாவை அழைச்சுக்கினு வரப் போயிட்டாரு. நான் மாடியைப் பெருக்கி, தண்ணி தெளிச்சு, ஓரமா சின்னதா ஒரு கோலம் போட்டேன். நிமிர்ந்து பாக்கறேன், அந்தச் சின்ன சக்கரம் இடமா சுத்துது.

எதுத்தாப்புல ஏகாம்பரநாதர் கோயில் கோபுரம். நல்ல காரியம் பேச ஆளு வர்ற நேரம். கோயில்ல வலமாத்தான் சுத்தறோம், ஆரத்தி வலமாத்தான் எடுக்கறோம், மாவு அரைக்கறது கூட வலமாத்தான். இடமா சுத்தறது எந்த எடத்துலன்னு உங்களுக்கே தெரியும், அதை நான் இங்க சொல்ல மாட்டேன். அந்த மனுஷன் சகுனம் பாக்கறவரு வேற. வந்ததும் இது கண்ணுல பட்டா இன்னா ஆவறது?

ராட்டையில பழகின எனக்கு இது ஒரு வேலையா? எதிர்ப்பக்கமா சுத்தணும்னா கயித்தைக் குறுக்கால மாத்திப் போட்டா போதும், எட்டு போட்ட மாதிரி. மோட்டாரை நிறுத்தினேன், கயித்தைக் கழட்டினேன், மாத்திப் போட்டேன். சக்கரம் வலமா சுத்த ஆரம்பிச்சுது. அதுக்கும் கொஞ்சம் மஞ்சள் குங்குமம் வெச்சுட்டு, மூணாங்கிளாஸ் படிச்சவளுக்கு எவ்ளோ அறிவுன்னு எனக்கு நானே மெச்சிக்கினு எறங்கிட்டேன்.

மாமா வந்தாரு. மாடி ஏறினாரு. நான் வடைத் தட்டோட பின்னாடியே போனேன். நாத்தனாரு படிக்கட்டுல பாதியில நின்னுக்கினு இருந்தா. எங்க வீட்டுக்காரரு குருவை நடுவுல பிடிச்சு, "இனிமே எங்கயும் போவ மாட்டாரு மாமா, நிதானமா வாங்க"ன்னாரு.

கும்பிடு. முட்டி. மூக்குக் கண்ணாடி.

"இல்லியே தம்பி."

எங்க வீட்டுக்காரரு சிரிச்சுக்கினே கண்ணை வெச்சாரு. சிரிப்பு போயிடுச்சு. மறுபடி பிடிச்சாரு, தானே பாத்துக்கினு நின்னாரு. ஒரு நிமிஷம் ஆவல, "ஐயையோ, போவுதே!"ன்னாரு.

"போன தடவை நடந்தாரு. இந்தத் தடவை ஓடறாரு"ன்னாரு மாமா. அவரு குரல்ல வருத்தம்தான் இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கினு பல் சக்கரத்தைத் தட்டறாரு, திருகாணியைத் தடவறாரு, வேர்த்து ஊத்துது. நான் படிக்கட்டைப் பாத்தேன். நாத்தனாரு கைப்பிடிச் சுவத்தை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கினு இருந்தா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. சக்கரத்தைத் திருப்பினா, குழாயும் திரும்பித்தானே போவும்? குரு மேற்கால போறாரு, நான் குழாயைக் கிழக்கால அனுப்பிட்டேன்.

சொன்னா மானம் போவும். சொல்லலன்னா இந்தப் பொண்ணோட வாழ்க்கை போவும். தட்டைக் கீழ வெச்சேன்.

"கொஞ்சம் நவுருங்க."

"நீ இன்னாத்துக்கு மே இங்க வர்ற?"

"நவுருங்கன்னா நவுருங்க."

மோட்டாரை நிறுத்திட்டு, குறுக்கால கிடந்த கயித்தைக் கழட்டி நேராப் போட்டேன். எங்க வீட்டுக்காரரு கயித்தையும் பாத்தாரு, என்னையும் பாத்தாரு.

"நீயா?"

"நான்தான். நல்ல காரியம் பேசற நேரத்துல இடமா சுத்துதேன்னு மாத்திப் போட்டேன். குரு மேல ஒரு தப்பும் இல்லை மாமா. என் மேலதான்."

எங்க வீட்டுக்காரரு மோட்டாரைப் போட்டாரு. சக்கரம் மறுபடி இடமா சுத்துது. மாமா அதையே பாத்துக்கினு நின்னாரு. நான் முடிஞ்சுதுன்னே நெனைச்சேன். அவரு மெல்லமா நடந்து, மோட்டாரைத் தாண்டி, அந்தப் பக்கம் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்னுக்கினு குனிஞ்சாரு. விரலை வெச்சு சக்கரம் போற பக்கமே சுத்திப் பாத்தாரு.

"ஏம்மா, இங்க வா."

போனேன்.

"இங்கேர்ந்து பாரு. எப்பிடி சுத்துது?"

பாத்தேன். வலமா சுத்துது. அதே சக்கரம்தான், யாரும் கை வெக்கல.

"சாமி எந்தப் பக்கம் இருக்காரு?"

"இந்தப் பக்கம்தான்."

"அப்ப அவரு பாக்கறதுக்கு வலமாத்தானே இருக்குது? நாப்பது வருஷமா என் சம்சாரம் ராட்டை சுத்தறா. அவளுக்கு எதுத்தாப்புல உக்காந்துதான் நான் பேசுவேன். எனக்குத் தெரியாததா?"ன்னு சொல்லிட்டு, அவரு சிரிச்சாரு பாருங்க, முட்டிவலியெல்லாம் மறந்துட்டு. "கயித்தை மாத்திப் போட்டுட்டு குருவை ஓட வுட்டுட்டியே! நல்ல பொம்பளைம்மா நீ!"

எங்க வீட்டுக்காரரு நடுவுல பிடிச்சுக் குடுத்தாரு. கும்பிடு ஆச்சு. ஒரு முட்டி, இன்னொரு முட்டி. மூக்குக் கண்ணாடியைத் தொடச்சு, அது ஜோபிக்குள்ள போறதுக்குள்ள எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு.

கண்ணை வெச்சாரு. உதடு மட்டும் அசைஞ்சுக்கினே இருந்துச்சு.

"மாமா?"ன்னாரு எங்க வீட்டுக்காரரு.

"இரு தம்பி. எண்ணிக்கினு இருக்கேன். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் மூணு. வயித்துல பட்டை பட்டையா கரை போட்டிருக்காரு. நம்ம சேலை மாதிரி."

அவரு எழுந்துக்கவே இல்லை. மாமியாரு கீழேர்ந்து ரெண்டு தடவை காப்பி ஆறுதுன்னு குரல் குடுத்தாங்க. கடைசியில ஸ்டூல்ல உக்காந்தபடியே, கண்ணை எடுக்காமலே, "பங்குனியில முகூர்த்தம் பாத்துடலாமா தம்பி?"ன்னு கேட்டாரு. படிக்கட்டுல தடதடன்னு யாரோ எறங்கி ஓடற சத்தம் கேட்டுச்சு. யாருன்னு நான் திரும்பிப் பாக்கல.

கோலத்து மேலயே உக்காந்துட்டேன். காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கலன்னு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. தட்டு பக்கத்துலயே இருந்துச்சு. வந்தவருக்குன்னு சுட்ட வடை ஆறையும் நானே தின்னுட்டேன். அவரு குருவைப் பாத்துக்கினு இருந்தாரு, எங்க வீட்டுக்காரரு அவரைப் பாத்துக்கினு இருந்தாரு. என்னை யாரும் பாக்கல.