ரெஃபரன்ஸ் கட்டத்தில் ஒரு நம்பர்

மூன்று வருஷம் நான் வேலை பார்த்ததற்குச் சாட்சி என்று பார்த்தால், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுதான். கம்பெனியை மூடிவிட்டார்கள். லேப்டாப்பைக் கூரியரில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அந்த மூன்று வருஷமும் அம்மா, கேட்டவர்களிடமெல்லாம் "வீட்லதான் இருக்கா" என்றே சொல்லிவந்தாள். பத்து மணிக்கு ஹெட்செட்டை மாட்டி ஆறு மணிக்குக் கழற்றுகிற மகளை வேறெப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வரும். ஆனால் ரெஸ்யூம் எழுத உட்கார்ந்தபோது நானும் அதையேதான் செய்தேன். வேலை பார்த்த ஊர் என்ற இடத்தில் ஸ்ரீரங்கம் என்று போடக் கை வரவில்லை. கம்பெனி விலாசம் சென்னை. சென்னை என்றே போட்டேன்.

திருச்சி புத்தூரில் ஒரு மாடியில் ஆபீஸ். ஆஸ்பத்திரி பில்களை இன்சூரன்ஸுக்கு அனுப்பும் முன் சரிபார்க்கிற வேலை, நான் முன்பு பார்த்த அதே வேலை. இன்டர்வியூவில் கேள்வி கேட்டவர் ரெஸ்யூமைப் புரட்டிவிட்டு, "சென்னையில எங்க தங்கியிருந்தீங்க?" என்றார். வேளச்சேரி என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"ஆபீசுக்கு எந்த பஸ்ல போவீங்க?"

திருதிருவென்று முழித்தேன். "வீட்லேர்ந்துதான் சார் பார்த்தேன்."

"அப்புறம் ஏங்க சென்னைன்னு போட்டீங்க?"

மனிதர் நல்லவர். "திருத்தி எழுதுங்க. உங்களுக்கு மேல இருந்தவங்க நம்பரும் போடுங்க. அவங்க சரின்னு சொன்னா எடுத்துக்கிறோம்" என்றார். எட்டு மாதமாக வேலையில்லாமல் கிடந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை.

எனக்கு மேல் இருந்தவர் ஒரே ஒருவர். மேடம் என்று கூப்பிடுவேன். முகம் பார்த்ததில்லை. நெட் இழுக்கும் என்று இருவருமே கேமராவைப் போடமாட்டோம். ஆனால் பகல் முழுக்க ஆன்லைன் கால் ஓடிக்கொண்டே இருக்கும்; அவர் பில்லைப் படிப்பார், நான் தட்டுவேன். ஐந்து நிமிஷம் சத்தமில்லாமல் இருந்தால், "லைன்ல இருக்கீங்களா?" என்பார். பள்ளிவாசல் பாங்கு சத்தம் கேட்டால் மைக்கை அணைத்துவிடுவார். அவர் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விடும் என்பது வரை எனக்குத் தெரியும். வீடு எங்கே என்று மட்டும் தெரியாது. சென்னையாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் லைனுக்கு வரவில்லை. மறுநாள் ஆபீஸிலிருந்து இரண்டு வரி மெயில் வந்தது. நெஞ்சுவலியில் இறந்துவிட்டார், வீட்டு விலாசம் கீழே. விலாசம் தென்னூர். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் தென்னூர்.

நான் போகவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. புடவைகூட மாற்றிவிட்டேன். உள்ளே நுழைந்ததும் நீங்க யாருன்னு கேட்பார்களே, முகமே பார்க்காதவரை எனக்கு வேண்டியவர் என்று எப்படிச் சொல்வது என்று வாசலிலேயே நின்றேன். நாளைக்குப் போகலாம் என்று விட்டேன். துக்கம் கேட்கப் போவதை ஒரு நாள் தள்ளிப்போட்டால் தொலைந்தது. அப்புறம் போக ஒரு காரணம் வேண்டும், இத்தனை நாள் வராததற்கும் ஒரு காரணம் வேண்டும். ஒரு வாரம் ஒரு மாதமானது. பிறகு கம்பெனியும் போனது. காலை பத்து மணியானால் மட்டும் காதுக்குள் அந்தக் குரல் கேட்கும். அடுப்படியில் நின்றுகொண்டு "இருக்கேன் மேடம்" என்று சத்தமாகச் சொல்லி அம்மாவிடம் மாட்டியிருக்கிறேன்.

ரெஸ்யூமைத் திருத்தினேன். ஸ்ரீரங்கம், வீட்டிலிருந்தே வேலை, தினமும் எட்டு மணி நேரம், இருவர் கொண்ட குழு. மூன்று வருஷமும் நாலு வரியில் அடங்கிவிட்டது. கீழே ரெஃபரன்ஸ் கட்டம். என் வேலையைப் பார்த்தவர் அவரைத் தவிர உலகத்தில் யாருமில்லை. அவர் பெயரையே எழுதினேன், நம்பரையும் எழுதினேன். நம்பர் போய்ச் சேராது, விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். பாவி, அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் புத்தூரிலிருந்து போன்.

"உங்க மேடம்கிட்ட பேசிட்டோம்ங்க. ரொம்ப நல்லா சொன்னாங்க. திங்கக்கிழமை ஜாயின் பண்ணிக்கோங்க."

"யாரு சார் பேசினாங்க?"

"அவங்களேதாங்க."

அம்மா பாயசத்துக்கு ஏலக்காய் தேட ஆரம்பித்தாள். நான் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நம்பரை அழைத்தேன். இரண்டாவது ரிங்கில் எடுத்து "ஹலோ" என்றது, அதே குரல். கொஞ்ச நேரம் பொறுத்து அது, "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டது. போனைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்தேன்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தென்னூர் போனேன். கதவைத் திறந்தவள் காலேஜ் படிக்கிற வயதுப் பெண். தோள் பையை இன்னும் இறக்கவில்லை. நான் "வணக்கம்மா" என்றதுமே, "அக்கா, நீங்களா? உள்ள வாங்க" என்றாள். பார்த்தறியாத முகம்; குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் குரல் அச்சு அசலாக மேடத்தின் குரல்.

தண்ணீர் கொடுத்து எதிரில் உட்கார்ந்தாள். "அம்மா ஹெட்செட் போட மாட்டாங்கக்கா, காது வலிக்கும்னு ஸ்பீக்கர்தான். நான் இந்தத் திரைக்குப் பின்னாடி உட்கார்ந்து படிப்பேன். மூணு வருஷம் நீங்க வேலை பார்த்ததைக் கேட்டிருக்கேன். அதான், நான் வச்சிருக்கிற அம்மா போனுக்கு அன்னிக்கு புத்தூர்லேர்ந்து கால் வந்தப்ப அம்மா மாதிரி பேசிட்டேன். தப்புதான்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஆபீஸ்லேர்ந்து யாருமே வரலக்கா. உங்களைத்தான் எதிர்பார்த்தேன். நீங்களும் வரல. சரி, அக்காவுக்கு விஷயம் தெரியாது போலன்னு நினைச்சுக்கிட்டேன். இப்ப அம்மா நம்பரையே குடுத்திருக்கீங்க. அப்ப அம்மா இருக்காங்கன்னுதானே நினைச்சிட்டிருக்கீங்க? அப்படி நினைக்க இந்த ஊர்ல உங்களை விட்டா யாரும் இல்லக்கா. அதைக் கெடுக்க மனசு வரல." என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா மவுத்தாகி பத்து மாசமாச்சுக்கா."

தெரியும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தைதான்.

"ஐயோ, எப்படிம்மா?" என்றேன்.

அவள் அந்தத் திங்கட்கிழமைக் காலையிலிருந்து எல்லாவற்றையும் எனக்குப் பொறுமையாகச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது, நிஜமான அழுகைதான். அவள் அழவில்லை. என் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, "உங்களுக்கு யாரும் சொல்லலயேக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.