பரதேசி என்று ஏசாத ஒரு நாள்

பிள்ளைகளே, வேதத்தில் விதவை, திக்கற்ற பிள்ளை, அயல்தேசத்திலிருந்து வந்து தங்கிய பரதேசி என்று மூன்று பேரைச் சேர்த்தே பல இடங்களில் சொல்லியிருக்கும். இவர்களை ஒடுக்காதே, இவர்கள் நியாயத்தைப் புரட்டாதே என்று கர்த்தர் கண்டிப்பாகச் சொல்லுகிறார். வீட்டு ஜெபத்தில் அந்த இடம் வந்தால் நான் ஏன் வாசிப்பை அம்மாவிடம் தள்ளிவிடுகிறேன் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்கோட்டை திருவாங்கூரை விட்டு நம் பக்கம் சேர்ந்த மறு வருஷம். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரூம் பார்க்கிற வேலையில் இருந்தேன். முதலாளி தென்காசியில் எங்கள் சபையின் கமிட்டிக்காரர். லாட்ஜுக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் ஒருத்தி கைப்பிள்ளையோடு குடியிருந்தாள். அவள் புருஷன் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன், விஷக்காய்ச்சலில் போய்விட்டான். அவள் எங்களுக்குப் போர்வை துவைப்பாள். செங்கோட்டைக்காரி, பேச்சில் மலையாளம் தட்டும், பிள்ளையைக் கொச்சு என்பாள். போர்வையில் கறை நின்றுவிட்டால் முதலாளி முற்றத்தில் நின்று கத்துவார்.

"ஏட்டி பரதேசி! சோப்பத் துணிக்குப் போடுதியா, நீ திங்கியா?"

அவளுக்கு அது பேர் மாதிரியே ஆகிவிட்டது.

சாரல் தொடங்கியதும் ஒரு பழக்கடைக்காரர் அந்தக் கொட்டகையை சீசனுக்குக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் காலி பண்ணு என்று முதலாளி அவளிடம் சொல்லிவிட்டார். பிள்ளைக்கோ நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தில் எங்கே கொண்டு போவாள்?

அந்த ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை முதலாளிக்கு. வந்து விழுந்த பாடம் இதே பாடம். அவர் நன்றாக வாசிப்பார். பரதேசி என்ற இடத்தில் குரல் உடைந்து, துண்டால் கண்ணைத் துடைத்தார். "அவ பொழச்சா" என்று உங்கள் அம்மாவிடம் கிசுகிசுத்தேன்.

வெளியே வந்ததும், எங்கள் சபைக் குருவான ஐயரையும் துணைக்கு நிறுத்திக்கொண்டு கேட்டேன். "அண்ணாச்சி, இன்னைக்கு வாசிச்சது நம்ம கொட்டகைக்காரிக்குன்னே சொன்னாப்புல இருந்துது."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"ஏலே, வேதத்த அளந்து பாக்கணும். அவ விதவையா? மலையில ஏதோ மரத்தடியில தாலி கட்டுனானாம், பதிவு கெடையாது. கல்யாணமே இல்லன்னா பெறவு என்னலே விதவை?"

"அந்தப் பிள்ளை?"

"தாய்க்காரி குத்துக்கல்லா இருக்கா. அது திக்கத்ததா?"

"அப்பம் பரதேசி? நீங்களே தெனமும் சொல்லுதீகளே."

"செங்கோட்டைய கவர்மெண்டே நம்மளோட சேத்துட்டு. இப்பம் அவ நம்ம ஜில்லாக்காரி. நம்ம ஊர்க்காரியப் பரதேசிங்கலாமா? பாவம்லா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஐயர் மெதுவாக, "சாரல் முடியட்டுமே அண்ணாச்சி" என்றார்.

"ஐயரவாள், கோயில் கூரைக்கு ஓடு மாத்தணும்னீகளே, அதப் பேசுவோம், வாங்க."

ஐயர் அவர் பின்னால் நடந்தார்.

நான் கடைசியாக, எங்களோடாவது வைத்துக்கொள்கிறேன் என்றேன். நாங்கள் இருந்த ஒற்றை அறையும் முதலாளியுடையது. "அவளச் சேத்தா நீயும் மூட்டையக் கட்டு" என்றார். உங்கள் அக்கா அப்போது தொட்டிலில் கிடந்தாள்.

சாயங்காலம் அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை போனேன். தூறல் விடவில்லை. உங்கள் அம்மா கொடுத்த பழைய சேலைக்குள் பிள்ளை கர்கர் என்று மூச்சுவிட்டது. செங்கோட்டையில் அவளுக்கு ஆள் இல்லை; ரயில் ஸ்டேஷனில் படுத்துக்கொள்வாளாம். அதற்குப் பிறகு அவளையும் பிள்ளையையும் நான் எங்கும் பார்க்கவில்லை.

பஸ் வெளிச்சம் தெரிந்தபோது அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம்.

"அண்ணாச்சி, மொதலாளி இன்னைக்கு என்னய ஒருக்கா கூடப் பரதேசின்னு ஏசல, பாத்தீகளா? கோயிலுக்குப் போயிட்டு வந்தாவல்லா, மனசு எளகிட்டு போல. நாளைக்குக் கொச்சையும் தூக்கிட்டு வந்து ஒருவாட்டி கேட்டுப் பாக்கட்டா?"

மூட்டையை பஸ்ஸில் ஏற்றினேன்.