கன்னியம்மாவுக்கு விட்ட பரங்கி

புஷ்பாவின் கைகள் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தன. நொய்க்கஞ்சியைத் துணியில் ஊற்றிப் பிழிந்து, தெளிந்த தண்ணீரை மட்டும் டம்ளரில் பிடித்தாள். பக்கவாதத்தில் கணவன் முனியன் விழுந்ததிலிருந்து இதுதான் அவனுக்கு ஆகாரம். குடித்தால் இருமினான். இன்னும் நீர்க்கக் காய்ச்சினாள். இன்னும் இருமினான். ஆள் பாதியாகிவிட்டான்.

வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு வளர்ந்த குடும்பம். திருப்புலிவனத்துக்கு வெளியே, ஏரிக்கரையோரம் குடிசை. நிலம் கிடையாது. கூலிக்குப் போய்வந்த கையோடு முனியன் வீட்டைச் சுற்றிக் கத்தரியும் அவரையும் தண்டுக்கீரையும் வைத்தான். அடுப்பில் தண்ணீர் கொதித்த பிறகுதான் காய் பறிப்பான். வெந்ததும் முதல் வாயைப் புஷ்பாவுக்கு ஊட்டுவான், யார் பார்த்தாலும் சரி.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஜெனிஃபர், அவன் ஒரு மடக்கு குடிப்பதைக் கவனித்தாள்.

"இன்னாக்கா, தண்ணியாட்டம் குடுக்குற? அது சர்ருனு எறங்கி நுரையீரலுக்குப் பூடும். நிமுந்து உக்கார வெச்சி, கெட்டியா மசிச்சிக் குடு. இன்னும் எளைச்சார்னா மூக்குல டியூப்தான்."

"முடியாதவருக்குப் போய் கெட்டியாவா நர்ஸம்மா?"

"இவருக்கு அதான் சரி. உப்பு மட்டும் கொறைச்சிப் போடு."

டியூப் என்றதும் முனியன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஜெனிஃபர் போன பிறகு புஷ்பா அருகே உட்கார்ந்தாள்.

"இன்னா மசிக்கட்டும் மாமா?"

அவன் நல்ல கையைத் தூக்கிக் கூரையைக் காட்டினான். அவன் விதை ஊன்றிய கொடியில், பழுத்த பரங்கி ஒன்று மேலே கிடந்தது.

"யோவ், அது கன்னியம்மாவுக்கு!"

கொடியில் முதலில் விளைவது தெருக்கோடி வேப்பமரத்தடிச் சாமி கன்னியம்மாவுக்கு. அதை வைத்துப் படைக்காமல் அந்த வீட்டில் யாரும் வாயில் வைத்ததில்லை.

"அவளுக்குப் பல்லு... கீது," முனியன் குழறினான். "வேற... துன்னட்டும்."

புஷ்பா சிரித்துவிட்டாள். பிறகு தொரட்டியை எடுத்தாள்.

பூண்டு தட்டிப் போட்டு வேகவைத்து, மத்தால் கூழாக மசித்தாள். அவனை நிமிர்த்திச் சாய்த்து, சின்னக் கரண்டியால் ஊட்டி, தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கியது. இருமல் இல்லை. அடுத்த கரண்டியும் இறங்கியது.

"உப்பு இல்ல."

"வாய் தொறந்தா உனக்குக் கொறைதான். நர்ஸம்மா சொல்லிக்கினுதான போச்சி?"

"நீ துன்னு, பாக்கலாம்." கரண்டியை அவள் பக்கம் தள்ளினான்.

தின்றாள். "நல்லாத்தான்யா கீது."

"அப்ப குடு." கிண்ணம் காலியானது.

மறுநாள் காலையில், பூ உதிராத பிஞ்சுப் பரங்கி ஒன்றைக் கிள்ளிப் போய்க் கன்னியம்மாவின் முன்னால் வைத்தாள். "மொதல்ல வெளைஞ்சத அந்தாளு துன்னுட்டாரு, கோச்சிக்காத" என்றாள். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் கொதித்த பிறகுதான் கீரை பறிக்கப் போனாள்.