அன்னம்மாளுக்கு ஓர் இலை

அந்த யோசனை எனக்குத் தோன்றியபோது என் கையில் ஒரு பித்தளைச் செம்பும் தோளில் ஒரு புதுத் துண்டும் இருந்தன. செங்கல்பட்டில், எங்கள் பங்குக் கோயில் உதவிக்குழுத் தலைவரின் வீட்டுக் கூடம். தலைவர் மண்டியிட்டு ஒரு கிழவரின் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சூசையப்பர் திருநாள். ஓர் ஏழைக் கிழவர், ஒரு பெண், ஒரு குழந்தை என்று மூவரை வீட்டுக்கு அழைத்து, சூசையப்பராகவும் மாதாவாகவும் குழந்தை சேசுவாகவும் பாவித்து, கால் கழுவி, விருந்து வைத்து, துணி எடுத்துக் கொடுத்து அனுப்புவது எங்களில் வசதியுள்ளவர்களின் வழக்கம். நான் பி.ஏ. முடித்திருந்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்திருந்தேன். வேறு வேலை எதுவும் இல்லாததால் உதவிக்குழுவின் செயலாளராக இருந்தேன். ஆகவே மார்ச் மாதம் வந்தால் அந்த மூவரைத் தேடிப் பிடிப்பது என் பொறுப்பு.

அது லேசான வேலை அல்ல. ஏழைகளுக்குப் பஞ்சமில்லை, பொருத்தமான ஏழைகளுக்குத்தான் பஞ்சம். கிழவருக்குத் தாடி வேண்டும். பெண் இளையவளாக, அடக்கமாக இருக்கவேண்டும். குழந்தை அழக்கூடாது. நல்லவேளையாகக் கோவளத்தில் ஒரு குடும்பம் கிடைத்தது. நெஞ்சு வரை வெள்ளைத் தாடி தொங்கும் கிழவர், கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராத அவருடைய மகள், அவளுடைய சின்னப் பெண். பெண் குழந்தை எப்படிச் சேசு ஆகும் என்று கேட்காதீர்கள். வேளாங்கண்ணியில் மொட்டை போட்ட தலையில் அப்போதுதான் முடி முளைத்துக்கொண்டிருந்தது. ஓர் அரைக்கால் சட்டையை மாட்டிவிட்டோம், முடிந்தது. சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கோவளத்தில் கோயிலுக்குப் பின்னால் யாரோ வலை போட்டுவைக்கும் கொட்டகையில் ஒண்டியிருந்தார்கள். அந்தத் தாடியின் மகிமையால் அவர்களுக்கு வீடு வீடாக அழைப்பு. முதல்நாள் திருப்போரூரில் ஓர் ஆசிரியர் வீட்டில் பாயசம், மறுநாள் எங்கள் தலைவர் வீட்டில் பாயசம். திருநாள் கழிந்தால், 'ஆதரவற்ற குடும்பம்' என்று எங்கள் குழு மாதம் தரும் ஒரு பங்கு ரவையை விட்டால், அடுத்த மார்ச் வரை கஞ்சிக்கே பாடு.

அன்று அவர்களைப் பஸ் ஏற்றிக் கூட்டிவந்தது ஓர் ஆயா. கருவாட்டுக் கூடையோடு செங்கல்பட்டுச் சந்தைக்கு வந்துபோகிறவள், வழி தெரிந்தவள் என்பதால் அவளிடம் ஒப்படைத்திருந்தேன். கோவளத்துச் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய குடிசை தனியாக நிற்கும். புருஷன் இறந்து வெகுகாலம். ஒரே மகன் அந்தமானுக்குக் கப்பலேறியவன், தகவல் இல்லை. முந்தின மழைக்காலத்தில் காய்ச்சலில் விழுந்து கிடந்தபோது, ஆயாவைக் காணோமே என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. தானே ஊர்ந்துபோய்த் தண்ணீர் மொண்டு குடித்துப் பிழைத்தாள். அதற்குப் பிறகு விழித்துக்கொண்ட எங்கள் குழு, 'துணையற்ற விதவை' என்ற வகையில் அவளுக்கு மாதாமாதம் வெளிநாட்டுக் கோதுமை ரவையும் ஒரு டின் எண்ணெயும் கொடுத்துவந்தது. துணையைத் தவிர மற்றதெல்லாம் கொடுத்தோம்.

தலைவரின் மனைவி, கருவாட்டுக் கூடையை முகர்ந்தவுடனேயே ஆயாவை வாசலில் உட்காரச் சொல்லியிருந்தார். அவங்க சாப்பிட்டு எழுந்ததும் உனக்கும் போடுறேன் என்றார். ஆயா வாசற்படியிலிருந்து கால் கழுவுவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னா நைனா, அவுரு சூசையப்பரு. அது மாதா. இது சேசு. அப்ப நான் யாரு? எகிப்துக்கு இட்டுகினு போச்சே ஒரு கழுதை, அதுவா?"

தலைவரின் கை கிழவரின் கணுக்காலில் அப்படியே நின்றது. கிழவர் மட்டும் தாடிக்குள் சிரித்தார். அந்த நொடியில்தான் எனக்குப் பளிச்சென்றது. மாதாவைப் பெற்றவள் ஒருத்தி இருக்கிறாளே!

"சார், அன்னம்மாள்!" என்று கத்தினேன். செம்பிலிருந்த தண்ணீர் தலைவரின் வேட்டியில் கொட்டியது.

"யாரு?"

"மாதாவோட அம்மா சார். அவங்களும் குடும்பம்தானே? ஓர் இலை கூடப் போட்டா திருக்குடும்பம் கோவிச்சுக்குமா?"

தலைவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். கால அட்டவணையில் இல்லாத வண்டி எதுவும் அவருக்குப் பிடிக்காது. "மூணு பேர்தாண்டா வழக்கம். ஊர் முழுக்கச் சிவப்பு முக்கோணம் வரைஞ்சு, குடும்பத்தைச் சுருக்குங்கன்னு கவர்மெண்ட்டு தொண்டை கிழியக் கத்திட்டிருக்கு. நீ திருக்குடும்பத்தையே பெரிசு பண்ணப் பாக்குறியே!"

ஆனால் அவருடைய மனைவியின் முகம் மாறிவிட்டது. "அன்னம்மாள் பேரைச் சொன்னப்புறம் வாசல்ல உட்கார வைக்கிறது நல்லா இல்லீங்க" என்று உள்ளே போய் நாலாவது இலையோடு வந்தார். தலைவர் மறுபடி மண்டியிட்டார்.

"பாத்துத் தேய் நைனா. அந்தாண்ட கால்ல ஆணி கீது" என்றாள் அன்னம்மாள்.

அவ்வளவு பக்தியோடு அவர் யார் காலையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

பாயசம் வருவதற்குள் ஆயா அந்தப் பந்தியின் நிர்வாகத்தை முழுக்க எடுத்துக்கொண்டுவிட்டாள். தன் இலை வடை குழந்தையின் இலைக்குப் போனது. "மாதா, அப்பளத்த நொறுக்கிக் குடு, கொயந்தைக்குப் பல்லு ஆடுது." "சூசையப்பரே, தாடிய ஒதுக்கிகினு துன்னு, ரசம் சொட்டுது பாரு." அவள் விளையாடுகிறாள் என்று நாங்கள் சிரித்தோம். அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது என் மண்டைக்குள் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது: அடுத்த மார்ச்சில் கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை வீட்டுக்கொரு அன்னம்மாள்! தனியாகக் கிடக்கும் கிழவிகளுக்கெல்லாம் வருடத்துக்கு ஒரு வேளை சாப்பாடு! அந்தத் திட்டத்தின் பிரம்மாண்டத்தில் எனக்கே மெய்சிலிர்த்தது.

அடுத்த முறை நான் கோவளத்துக்குப் போனபோது கொட்டகையில் குடும்பம் இல்லை. கொட்டகைக்காரர் வலை போட இடம் வேண்டுமென்று கிளப்பிவிட்டாராம். தேடிக்கொண்டு தோப்பைத் தாண்டினேன். ஆயாவின் குடிசை நிழலில் கிழவர் யாருடைய வலைக் கிழிசலையோ பொத்திக்கொண்டிருந்தார். குழந்தை கருவாட்டுக்குக் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தது. அதன் அம்மா கூடையோடு திருப்போரூர்ப் பக்கம் வியாபாரத்துக்குப் போயிருந்தாள்.

"இன்னாத்துக்கு முழிக்கிற?" என்றாள் ஆயா. "மத்தியானம் வரிக்கும் மாதான்னு கூப்ட்டுட்டு, பஸ்ஸ வுட்டு எறங்கனதும் நீ யாரோ நான் யாரோன்னு பூட சொல்றியா? பஸ்ஸுலயே சொல்ட்டேன், வூட்டுக்கு வாங்கன்னு. இப்போ இருமினாக்கூட இன்னா ஆயான்னு ஒரு கொரலு கேக்குது நைனா."

நான் செங்கல்பட்டுக்குப் பறந்தேன். உதவிக்குழுக் கூட்டத்தில் இதை ஒரு வெற்றியாக அறிவித்தேன். கைதட்டலுக்காகக் கொஞ்சம் இடைவெளியும் விட்டேன்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ரொம்பச் சந்தோஷம். அடுப்பு எத்தனை?"

"ஒண்ணுதான் சார்."

"அப்ப குடும்பமும் ஒண்ணுதான். ரேஷன் கடையிலயும் அதுதான் கணக்கு, நம்மகிட்டயும் அதுதான்."

அவர் விளக்கியபோது எனக்குத் தலை சுற்றியது. ஆயா இனி துணையற்ற விதவை அல்ல. அவள் பங்கு நின்றது. கிழவர் குடும்பம் இனி ஆதரவற்ற குடும்பமும் அல்ல; குடிசை இருக்கிறது, கருவாட்டு வியாபாரம் இருக்கிறது. அந்தப் பங்கும் நின்றது. தனித்தனியாகப் பட்டினி கிடந்த நால்வர், ஒன்றாக உட்கார்ந்து பட்டினி கிடந்த அன்றே எங்கள் குழுவின் கணக்கில் வசதியானவர்களாகிவிட்டார்கள்.

"நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லப்பா" என்றார் தலைவர். "அடுப்பு தனின்னா சொல்லு. ரெண்டு பங்கும் தரேன். நானே ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாத்துடறேன்."

செய்தியைச் சொன்னதும் கிழவர் வலையைக் கீழே வைத்தார். கடலில் மீன் இல்லாத நாட்கள். கருவாடு விற்று வருவது நாலு வயிற்றுக்குக் காணாது என்பது எல்லோருக்கும் தெரியும். "எங்களால ஆயாவுக்கு வரது நிக்கக் கூடாது தம்பி. நாங்க எங்க ஊரு பக்கமே போறோம்" என்றார். மகள் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். ஆயா அவள் கையிலிருந்து துணியைப் பிடுங்கித் திரும்பக் கொடியில் போட்டாள்.

அவர்கள் போய்விட்டால் அந்தக் குடிசையில் மறுபடியும் அவள் ஒருத்திதான். மறுபடியும் ஒரு மழைக்காலம் வரும். ஆனால் படித்தவன் ஒருவன் பக்கத்தில் இருக்கும்போது எதற்குக் கவலை? நான் சட்டையைக் கழற்றினேன். தோப்பிலிருந்து மண் கொண்டுவந்து குழைத்து, மூன்று குமிழ் வைத்து, குடிசையின் மறுகோடியில் இரண்டாவது அடுப்பு ஒன்று போட்டேன். நடுவில் மறைப்புக்கு ஓலைத்தட்டி. ஆயா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு இது?"

"உங்களுக்குத்தான் ஆயா. தலைவர் வர்ற அன்னிக்கு மட்டும் நீங்க இதுல தனியா ஆக்குங்க. தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுங்க. அவர் பார்த்துட்டுப் போயிடுவார்."

"நானு தனியா துன்னணும்."

"ஒரு வேளைதானே ஆயா."

"அந்த ஒரு வேள எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." அவள் குரல் உயரவில்லை. "பொய் சொல்றதுன்னா நீ சொல்லிக்கோ நைனா, உனக்கு வாய் கீது. என் அடுப்ப சொல்லச் சொல்லாத."

"தம்பி நல்லதுக்குத்தான்..." என்று கிழவர் ஆரம்பித்தார்.

"நீ வலையப் பாரு சூசையப்பரே. பைபுளு முழுக்கத் தேடனாலும் நீ ஒரு வார்த்த பேசலையாம். சாமியாரே பிரசங்கத்துல சொன்னாரு."

கிழவர் வலையை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர்கள் ஊருக்குப் போகவில்லை. ஆனால் மடித்த துணிகள் சில கொடிக்குத் திரும்பாமல் ஒரு மூலையிலேயே இருந்ததை நான் கவனித்தேன்.

நேற்று மறுபடி போயிருந்தேன். நான் போட்ட அடுப்பில் சாம்பல் நிறத்துக் கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமியது. ஓலைத்தட்டியைக் காணோம், கூரையில் ஓட்டை இருந்த இடத்துக்கு ஏறியிருந்தது.

"உன் வேல வீணாப் போவல நைனா" என்றாள் ஆயா. "அதுக்கும் தனியா இருக்கறதுக்கு எடம் தேவப்பட்டுச்சி. முட்ட பொரிஞ்சா அதுவும் வெளிய வந்துடும்."

ஆகவே அடுப்பு ஒன்றுதான். வரும் ஞாயிறு தலைவர் அதை எண்ணிப் பார்க்க வருகிறார். முதல் பூசை முடிந்ததும் அவரை நான்தான் பஸ் ஏற்றிக் கூட்டிப்போகிறேன். அவர் சொல்லும் கணக்கை அப்படியே ஒப்புக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு விதியைச் சேர்க்கச் சொல்லப்போகிறேன்: தனியாகக் கிடக்கும் ஒருத்தியை எந்தக் குடும்பம் தன்னோடு சேர்த்துக்கொள்கிறதோ, அல்லது அவள் எந்தக் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்கிறாளோ, அங்கே இரண்டு பங்கும் நிற்காமல் போகவேண்டும். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் இன்னொரு ஆயாவையும், அவளுக்கு நாலு வீடு தள்ளி வாடகை கொடுக்க முடியாத ஒரு குடும்பத்தையும் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறேன். இதையெல்லாம் கேளம்பாக்கம் வருவதற்குள் பஸ்ஸிலேயே அவரிடம் பேசி முடித்துவிட உத்தேசம். அவர் இறங்கி ஓட முடியாத இடம் அது ஒன்றுதான். அப்படியும் மசியாவிட்டால், சரியாக அவர்கள் நாலு பேரும் சோற்றுக்கு உட்காரும் நேரத்துக்கு அவரைக் குடிசை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, இதில் யார் எழுந்து போகவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் சார் என்று கேட்கப்போகிறேன்.